சீழ் இல்லாத ஆஸ்பத்திரி

கோவில்பட்டியில் நிர்மல ஆரோக்கிய தர்ம ஸ்தாபனம் நடத்திய மூக்கு ஆஸ்பத்திரியில் சீழ் கிடையாது. வாசல் தூணில் தொங்கிய கரும்பலகை அதைத்தான் சொன்னது: "இங்கு சீழ் இல்லை. 486ஆவது நாள்." தினமும் காலை ஆறு மணிக்கு கம்பவுண்டர் சோலைச்சாமி ஈரத்துணியால் பழைய எண்ணைத் துடைத்துவிட்டுப் புது எண்ணை எழுதுவார். எழுதுவதற்கு முன் வார்டுக்குள் போய்ப் பார்த்து வருவதில்லை. பார்த்துவிட்டு எழுதினால் ஸ்தாபனத்தைச் சந்தேகப்பட்டதாகும் என்று தலைமை டாக்டர் அழகிரிசாமி சொல்லியிருந்தார்.

1958ஆம் வருஷம் ஆவணி மாதம் அந்தப் பலகையை நம்பித்தான் நெய் வியாபாரி செய்யது அலி மாட்டு வண்டியிலிருந்து இறங்கினார்.

செய்யது அலிக்கு மூக்குதான் தராசு. பசுவந்தனை, எப்போதும்வென்றான் பக்கத்துக் கரிசல் ஊர்களிலிருந்து பெண்கள் நெய் கொண்டுவருவார்கள். ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்து, மாடு பருத்திக்கொட்டை தின்றதா புண்ணாக்கு தின்றதா என்றுகூடச் சொல்லிவிடுவார். அவர் 'சரி' என்றால் கல்யாண வீட்டில் மறுபேச்சு இல்லை. அந்த மூக்கில் ஒரு வருஷமாகச் சதை வளர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. வாசனை என்பதே போய்விட்டது. வெளியே சொல்ல வெட்கம். கடைக்குப் பின்னால் திரைக்கு அந்தப்பக்கம் அவர் மனைவி பக்ருன்னிசா உட்கார்ந்து முகர்ந்து பார்த்தாள். ஒரு தடவை இருமினால் நல்ல நெய், இரண்டு தடவை இருமினால் காறல். அவள் தாய் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் பசுவந்தனைக் கல்யாணம் ஒன்றுக்கு அவராகவே நெய் பார்த்துக் கொடுத்தார். பந்தியில் லட்டை வாயில் வைத்தவர்கள் எல்லோரும் வெளியே எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, அவர் பெயரைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர வழியில்லை.

ஆஸ்பத்திரியில் பெயர் எழுதுவதற்கு முன்பே ஊசி போட்டார்கள். பென்சிலின். துணைக்கு வந்த பக்ருன்னிசாவையும் நர்ஸ் உள்ளே கூப்பிட்டாள்.

"எனக்கு மூக்கு நல்லாத்தான இருக்கு?" என்றாள் பக்ருன்னிசா.

"நல்லா இருக்கிறதுக்குத்தாம்மா ஊசி. கெட்டுப்போனதுக்கு இல்ல" என்றார் சோலைச்சாமி.

வண்டிக்காரருக்கும் ஒன்று போட்டார்கள். மாடுகளுக்கு மட்டும் அந்த வருஷத் திட்டத்தில் இடமில்லை.

பக்ருன்னிசா கடையைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் காலையில் செய்யது அலி ஒரு காட்சியைப் பார்த்தார். டாக்டர், நர்ஸுகள், சமையல்காரர், தோட்டி எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்று முகத்தை அண்ணாந்திருந்தார்கள். சோலைச்சாமி ஒரு ரப்பர் குமிழை அழுத்தி ஒவ்வொருவர் மூக்கிலும் பென்சிலின் பொடியை ஊதிக்கொண்டே வந்தார். பிறகு எல்லோரும் வலக்கையை நீட்டி உறுதிமொழி சொன்னார்கள்: "சீழை நினைக்க மாட்டோம். சீழைப் பேச மாட்டோம். சீழை எழுத மாட்டோம்." கடைசி வாக்கியம் முடிவதற்குள் பாதிப் பேர் தும்மினார்கள். பொடி மூக்கில் கட்டியாகிக் கிடந்ததால் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் எந்த வாசனையும் தெரியாது. சமையல்காரர் சாம்பாருக்கு இரண்டு தடவை பெருங்காயம் போடுவது அதனால்தான்.

கை கழுவும் தொட்டியில் குரோட்டன்ஸ் செடி வைத்திருந்தார்கள். செழிப்பாக வளர்ந்திருந்தது. செய்யது அலி அதையே பார்ப்பதைக் கண்டு டாக்டர் அழகிரிசாமி விளக்கம் சொன்னார். அவர் நல்ல மனிதர். யாருக்கும் விளக்கம் சொல்லாமல் போக மாட்டார்.

"பாய், கை கழுவுவதெல்லாம் பென்சிலின் வருவதற்கு முந்தின பழக்கம். இப்போதும் கழுவினால் மருந்தில் நமக்கு நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். போலீஸ்காரன் திருட்டு நடந்த பிறகு வருவான். நான் திருடன் பிறப்பதற்கு முன்பே வந்துவிடுகிறேன். வந்த கிருமியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். வராத கிருமியை அடிப்பதுதான் விஞ்ஞானம்."

"வராத கிருமிய எப்படிய்யா அடிக்க?"

"அதனால்தான் நிறைய அடிக்க வேண்டியிருக்கிறது" என்றார் டாக்டர்.

செய்யது அலிக்கு அது புரியவில்லை. ஆனால் டாக்டர் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்ததும் புரியாதது தன் குறை என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த கட்டிலில் எப்போதும்வென்றானைச் சேர்ந்த வன்னியபெருமாள் இருந்தார். உழவு மாடு கொம்பால் இடித்து மூக்கின் நடு எலும்பு கோணிவிட்டது. தூங்கும்போது விசில் அடிக்கும். "என் பொண்டாட்டி ரயிலு வருதுன்னு எந்திரிச்சு உக்காந்திருதா அண்ணாச்சி, அதான் வந்தேன்" என்று சிரித்தார். அவர் மனைவி பாண்டியம்மாள் கட்டிலுக்குக் கீழே முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள். அவர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் டாக்டருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "எப்போதும்வென்றானிலிருந்து வந்தவர் எங்கே தோற்கப்போகிறார்?" என்று வார்டு முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

இருவருக்கும் ஒரே நாளில், 488ஆவது நாளில், ஆபரேஷன் நடந்தது. முதலில் செய்யது அலி. மூக்கை மரத்துப்போக வைத்திருந்தார்கள், கண்ணை மறைக்கவில்லை. டாக்டரின் முகத்துணி தாடைக்குக் கீழே மாலைபோல் தொங்கியது. வேலை முடியும் நேரத்தில் அவர் திரும்பி, அடுத்த ஆபரேஷனுக்கு விரித்து வைத்திருந்த கத்தித் தட்டின் மேல் பலமாகத் தும்மினார். "நூறு வயசு" என்று வாழ்த்தினாள் நர்ஸ். அந்தத் தட்டோடுதான் வன்னியபெருமாளை மேசைக்கு ஏற்றினார்கள்.

இரண்டு நாள் கழித்து மூக்குக்குள் திணித்திருந்த துணித்திரியை உருவி எடுத்தார்கள். செய்யது அலி மெதுவாக மூச்சை இழுத்தார். டிஞ்சர் வந்தது. நர்ஸ் தலையில் வாடிய பிச்சிப்பூ வந்தது. எங்கோ கொதிக்கும் சோற்றுக் கஞ்சி வந்தது. கண்ணில் நீர் கட்டிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நன்றி பொய்யில்லை. கடைசிவரை அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

அன்று மத்தியானமே இன்னொரு வாடையும் வந்தது. முதலில் தன் மூக்கைச் சந்தேகித்தார். பிறகு கட்டில் கட்டிலாக நடந்து பார்த்துவிட்டு வந்து வன்னியபெருமாள் தலைமாட்டில் நின்றார். நர்ஸைக் கூப்பிட்டு, "தாயி, இவியளுக்கு உள்ள சீழ் வச்சிருக்கு. ஒரு நாள் ஆகியிருக்கும்" என்றார்.

நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "சத்தமாச் சொல்லாதீங்க. இங்கன அந்த வார்த்தை கிடையாது. ஈரம்னு சொல்லணும்" என்றாள். பதிவேட்டைக் காட்டினாள். அதில் ஈரம், நல்ல ஈரம், மஞ்சள் ஈரம், தாராளமான மஞ்சள் ஈரம் என்று நோயாளிகளின் நிலைமை எழுதியிருந்தது.

சாயங்காலம் டாக்டரே விசாரணைக்கு வந்தார். கூடவே ஒரு படிவம் வந்தது. வாடை எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை அடி தூரம், இதற்கு முன் குடும்பத்தில் யாராவது இப்படி முகர்ந்திருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

"பாய், ஒரு வருஷம் அடைத்துக் கிடந்த மூக்கு. திறந்ததும் இல்லாததெல்லாம் தெரியும். இதற்கு நாசிப் பிரமை என்று பெயர். பயப்படாதீர்கள், வைத்தியம் இருக்கிறது. இருபத்தோரு நாள் திரியைத் திரும்ப வைத்து அடைத்துவிட்டால் சரியாகிவிடும்."

செய்யது அலி தன் மூக்கைக் கையால் மூடிக்கொண்டார். "இப்பம் ஒண்ணும் தெரியலைய்யா" என்றார்.

"பார்த்தீர்களா?" என்று டாக்டர் மகிழ்ந்து, படிவத்தில் 'தானாகவே குணம்' என்று எழுதினார்.

வன்னியபெருமாளுக்குக் காய்ச்சல் ஏறியது. வலது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியது. பென்சிலினை இரட்டித்தார்கள். பிறகு மூன்று மணிக்கு ஒரு தரம் போட்டார்கள். ஊசி போட இடம் இல்லாமல் நர்ஸ் தேடும்போது, "போன வருஷம் மழ இம்புட்டு விழுந்திருந்தா ரெண்டு போகம் எடுத்திருப்பேன்" என்றார் அவர். மறுநாள் அந்தப் பேச்சும் நின்றது.

அந்த ஆஸ்பத்திரியில் சுந்தரம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். ரத்தமும் சளியும் சோதிக்கும் அறையில் வேலை. காலையில் பொடி ஊதும்போது மூச்சைப் பிடித்துக்கொள்பவள் அவள் ஒருத்திதான். செய்யது அலி புகார் சொன்னதைக் கேள்விப்பட்டு அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள்.

"இது வன்னியபெருமாள் மூக்குல எடுத்தது. நடுவுல இருக்கிறது பென்சிலின் நனைச்ச காகிதம். அதச் சுத்திக் கிருமி வளரக் கூடாது. பாருங்க, காகிதத்து ஓரத்துலயே போயி அப்பியிருக்கு."

"மருந்துக்குப் பயமே இல்லையாம்மா?"

"நாமதான் பயத்தத் தெளிய வச்சோம் அண்ணாச்சி. தெனமும் பொடி ஊதினா நோஞ்சான் கிருமியெல்லாம் செத்துப்போகும். தாங்குறது மட்டும் நிக்கும். விவசாயிங்க விதைக்குன்னு நல்ல கதிராப் பொறுக்குவாங்கல்ல, அந்த மாதிரி ஐந்நூறு நாளாப் பொறுக்கி வளத்திருக்கோம். நர்ஸுங்க மூக்கு, சமையல்காரர் மூக்கு, எல்லாத்துலயும் எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் இதுதான் இருக்கு. டாக்டர் மூக்கு ஒண்ணுதான் பாக்கி."

டாக்டர் மூக்கைச் சோதிக்க அனுமதி கேட்டு அவள் முறைப்படி விண்ணப்பம் கொடுத்திருந்தாள். அதற்காக ஒரு கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தில் டாக்டர் அழகிரிசாமி பேசியது கூட்ட நடவடிக்கை நோட்டில் அப்படியே இருந்தது. "என் மூக்கு என்னுடையதல்ல, ஸ்தாபனத்தினுடையது. அதில் ஒரு குச்சியை நுழைப்பதற்குத் தலைமை அலுவலகத் தீர்மானம் வேண்டும். அப்படியே நுழைத்துக் கிருமி இருந்தால், அது இத்தனை நாள் என்னோடு இருந்து ஒழுக்கத்துக்கு வந்த கிருமியாகத்தான் இருக்கும். நோயாளிக்குச் சீழ் வைக்கிற கிருமி வேறு. அது கீழ்மட்டத்தில் இருப்பது." விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சுந்தரம்மாளின் தட்டுகளைக் கழுவிக் காயவைக்கும்படி உத்தரவானது. அவள் ஒன்றை மட்டும் ஒளித்து வைத்திருந்தாள்.

"மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில வேற மருந்து இருக்கு. உடனே கொண்டுபோனா வன்னியபெருமாள் பிழைக்கலாம்" என்றாள். "ஆனா அனுப்பணும்னா ஏன்னு எழுதணும். எழுதினா பலகைய அழிச்சுட்டு ஒண்ணுலருந்து ஆரம்பிக்கணும்."

பலகையில் அப்போது 497. ஐந்நூறாவது நாளுக்கு மெட்ராஸிலிருந்து ஸ்தாபனத்தின் தலைமைப் பார்வையாளர் வருவதாக இருந்தது. பந்தல்காரர் வந்து அளவெடுத்துப் போயிருந்தார்.

498ஆவது நாள் வன்னியபெருமாள் குணமாகிவிட்டதாக எழுதிவிட்டார்கள். அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. குணமானவர் கட்டிலில் இருக்கக் கூடாது. ஆகவே பாண்டியம்மாளுக்கு மூக்கில் நோய் என்று எழுதி அவளை நோயாளியாகச் சேர்த்து, வன்னியபெருமாளை அவளுக்குத் துணையாக வந்தவர் என்று பதிந்தார்கள். துணைக்கு வந்தவர்கள் தங்கும் இடம் பின்னால் விறகுக் கொட்டகை. அங்கே கோணி விரித்து அவரைக் கிடத்தினார்கள். பாண்டியம்மாளுக்கு நாளுக்கு எட்டு ஊசி போட்டார்கள். அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை.

"ஏ நர்ஸம்மா, நோவு அவுகளுக்கு, ஊசி எனக்கா? என்ன விடுங்க, நான் போயி வாயில தண்ணியாச்சும் ஊத்துதேன்" என்று அவள் கெஞ்சினாள்.

"நோயாளி எங்கயும் நடக்கக் கூடாதும்மா" என்று பதில் வந்தது.

தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியவர் செய்யது அலிதான். கொட்டகைக்குள் நுழைந்ததும் அந்த வாடை நெஞ்சில் அடித்தது. ஆளை அடையாளம் தெரியவில்லை. இரண்டு கண்ணும் மூடிவிட்டன. வன்னியபெருமாள் அவர் கையைத் தடவிப் பார்த்து, "அண்ணாச்சியா?" என்றார்.

499ஆவது நாள் சாயங்காலம் சுந்தரம்மாள் வந்தாள். "நாளைக்கு உங்கள மேடையில ஏத்தப் போறாங்க. மூக்கு திரும்பக் கிடைச்ச நெய் நிபுணர்னு. என் தட்டப் பார்வையாளர் பாக்க மாட்டார். ஆனா உங்ககிட்ட ஒரு வார்த்தையாவது கேப்பார். சீழ் வாடை வருது, பின்னால போயிப் பாருங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவர் வந்த வேனிலயே மதுரைக்குக் கொண்டுபோயிரலாம்."

"சொல்லுதேன்மா."

"உறுதியாவா?"

"அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன்" என்றார் செய்யது அலி. அப்போது அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

விழா நன்றாக நடந்தது. வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். வாசலில் ரிப்பனுக்குப் பதிலாக மூக்கில் வைக்கும் துணித்திரியைக் கட்டியிருந்தார்கள். தலைமைப் பார்வையாளர் அதைக் கத்தரித்தார். சன்னமான, மரியாதையான மனிதர். எல்லோருக்கும் கை கூப்பினார். அவருக்கும் ஊசி போட்டு, மூக்கில் பொடி ஊதித்தான் உள்ளே விட்டார்கள்.

டாக்டர் அழகிரிசாமி முக்கால் மணி நேரம் பேசினார். "நண்பர்களே! சில ஆஸ்பத்திரிகள் சீழைக் குணப்படுத்துகின்றன. அதில் என்ன பெருமை? குணப்படுத்துவதற்கு முதலில் அது வர வேண்டுமே! நாங்கள் வர விடுவதில்லை. வந்தாலும் விடுவதில்லை. ஐந்நூறு நாளில் ஒரு சொட்டுச் சீழை எங்கள் பதிவேட்டில் காட்டுபவருக்கு நான் என் பட்டத்தையே கழற்றிக் கொடுக்கிறேன்" என்றார். பதிவேட்டைப் பார்வையாளர் கையில் கொடுத்தார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் ஈரப்பதம் கொஞ்சம் அதிகம்போல" என்று மட்டும் சொன்னார்.

பிறகு செய்யது அலியை ஏற்றினார்கள். ஐந்து குப்பியில் நெய் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் புறங்கையில் தேய்த்து முகர்ந்தார். இது எருமை. இது பசு, புதுசு. இது பத்து நாள் காறல். இதில் கடலை எண்ணெய் கலந்திருக்கிறது. இது காய்ச்சும்போது முருங்கை இலை போட்டது. ஐந்தும் சரி. கூட்டம் கை தட்டியது. பசுவந்தனைக்காரர்கள் சிலர் முன்வரிசையில் இருந்தார்கள். லட்டைத் துப்பியவர்கள். அவர்களும் தட்டினார்கள். செய்யது அலிக்கு ஒரு வருஷமாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

பார்வையாளர் ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்பினார். "ஐயா, எனக்கு வாசனை அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் நிபுணர். உண்மையாகச் சொல்லுங்கள், இந்த ஆஸ்பத்திரியில் உங்களுக்கு என்ன வாசனை வருகிறது?" என்று கேட்டார். அவர் கேட்டது சம்பிரதாயத்துக்கு அல்ல. பதிலுக்குத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

காற்று பின்பக்கத்திலிருந்துதான் வீசியது. செய்யது அலி மூச்சை இழுத்தார். கொட்டகை அப்படியே மேடைக்கு வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் சுந்தரம்மாள் நின்றாள். வார்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாண்டியம்மாள் நின்றாள். டாக்டர் பக்கத்து நாற்காலியில் இருந்து அன்பாகச் சிரித்தார். கத்தரித்த துணித்திரியை ஞாபகார்த்தமாக விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பிச்சிப்பூ வாசம்ய்யா" என்றார் செய்யது அலி.

கை தட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "எங்க ஊட்டுலகூட இப்படி ஒரு சுத்தம் இல்ல. எத்தனையோ இடத்துல மூக்க வச்சிருக்கேன், இங்கன குத்தம் சொல்ல ஒரு வாடை இல்ல" என்றார். சுருக்கெழுத்துக்காரர் எழுதிக்கொண்டார். இறங்கும்போது ஜன்னல் பக்கம் அவர் பார்க்கவில்லை. சுந்தரம்மாள் நின்ற இடம் காலியாக இருந்தது.

அன்றைக்கே அவரை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வன்னியபெருமாளை மூன்றாம் நாள் வண்டியில் ஏற்றினார்கள். பசுவந்தனை தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அன்று பலகையில் 503 என்று எழுதியிருந்தது. இறந்தவர் நோயாளி அல்ல, ஒரு நோயாளிக்குத் துணையாக வந்தவர். துணைக்கு வந்தவர்கள் சாவதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. நோயாளியான பாண்டியம்மாள் பூரண குணமடைந்து போனதாகப் பதிந்தார்கள்.

ஜும்மா தொழுகை முடிந்து வந்தவர்கள் செய்யது அலியைக் கட்டித் தழுவினார்கள். கடையில் கூட்டம் கூடியது. பக்ருன்னிசா திரைக்குப் பின்னால் உட்காரும் வேலை இல்லாமல் போனது. அவள் ஒரே ஒரு தடவை, "மேடையில ஒங்கள்ட்டக் கேட்டாவளாமே, பக்கத்துக் கட்டில்ல கெடந்த மனுசனப் பத்திச் சொன்னியளா?" என்று கேட்டாள். அவர் நெய்க்குடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரிடம் நெய் பார்க்கக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் அவர் எப்போதும்வென்றானுக்குப் போனார். மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி ஒவ்வொரு காலும் ஒரு படி கனத்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். பாண்டியம்மாள் புஞ்சையில் தனியாகக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. அவுகளுக்குக் கடசியாத் தண்ணி ஊத்துன கையி ஒங்களுது."

அந்த வார்த்தைக்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வாடை வந்தது, சத்தியம் செய்தது, திரிக்குப் பயந்தது, கை தட்டியது பிடித்திருந்தது. அவள் களைக்கொட்டைக் கீழே போடாமல் கேட்டாள்.

"நானும் சொன்னேன் அண்ணாச்சி" என்றாள். "நர்ஸுக எல்லாம் பந்தல்ல நிக்கையில வெளிய ஓடிப்போயி, வேனு பக்கத்துல அந்தப் பெரியவரு காலப் பிடிச்சேன். எம் புருசன் அழுகிக் கெடக்காரு, வந்து பாருங்கன்னேன். அவரு நல்ல மனுசன். குனிஞ்சு என்னத் தூக்கிவிட்டாரு. 'அந்தப் பாய் இப்பத்தான மேடையில சொன்னாரு, நீ கேக்கலியாம்மா'ன்னாரு."

செய்யது அலி ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சும்மா இருந்திருந்தாக்கூட அவரு வந்து பாத்திருப்பாரு" என்றாள் பாண்டியம்மாள். அவள் குரல் உயரவில்லை. ஒரு களையைக் கெல்லி எறிந்துவிட்டு, "இப்பமாச்சும் எழுதிப் போடுங்க. என்ன பதில் வருதுன்னு எனக்கும் வந்து சொல்லணும்" என்றாள்.

அவர் மெட்ராஸுக்கு எழுதினார். ஒன்றையும் விடவில்லை. தான் பொய் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதினார். சுந்தரம்மாளைச் சாட்சியாகப் போடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தார். அவளைத் தலைமை அலுவலகத்தில் காலிக் குப்பிகளை எண்ணும் வேலைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். பலகையில் 571 என்று இருந்தது.

மாசியில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி எப்போதும்வென்றானுக்குப் போனார். பாண்டியம்மாள் வீட்டு முற்றத்தில் பருத்தி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"வாசிங்க."

"அதுல ஒண்ணும் இல்ல, தங்கச்சி."

"இருக்கிறத வாசிங்க."

அவர் வாசித்தார். "அன்புடையீர், தங்கள் கடிதம் கிடைத்தது. கடிதத்தில் தாங்கள் எழுதியிருப்பது, ஐந்நூறாவது நாள் விழாவில் தாங்கள் பொதுமக்கள் முன்னிலையில் அளித்த வாக்குமூலத்துக்கு முரணாக உள்ளது. நிபுணர் ஒருவர் இருவிதமாகக் கூறினால் முதலில் கூறியதையே ஏற்க வேண்டும் என்பது ஸ்தாபனத்தின் விதி. ஆகவே தங்கள் கடிதம் தங்கள் வாக்குமூலத்தாலேயே தள்ளுபடி செய்யப்படுகிறது. தங்கள் உரை இவ்வாண்டு அறிக்கையின் முதற்பக்கத்தில் அச்சாகியுள்ளது. பார்வைக்கு இத்துடன் ஒரு பிரதி."

அவர் நிறுத்தினார்.

"அந்த இன்னொரு காயிதம்?" என்றாள் பாண்டியம்மாள். "அதையும் வாசிங்க. நான் அன்னைக்குச் சன்னல்ல நின்னேன், சரியாக் கேக்கல."

வழவழப்பான தாளில் மேடையில் அவர் நிற்கும் படம் இருந்தது. அதற்குக் கீழே அவர் பேச்சை யாரோ நல்ல தமிழில் திருத்திப் போட்டிருந்தார்கள். செய்யது அலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு மெல்ல ஆரம்பித்தார். "கேக்கல" என்றாள் அவள். உரத்து வாசித்தார்.

"எங்கள் இல்லத்திலும் காணாத தூய்மை இது. எத்தனையோ இடங்களில் முகர்ந்த என் நாசி, குற்றம் கூற ஒரு வாடையையும் இங்கே காணவில்லை. வீசுவது மலரின் நறுமணம் ஒன்றே."

பாண்டியம்மாள் ஒரு சொல்லையும் விட்டுவிடாதவள்போலத் தலையைக் குனிந்து கேட்டாள். முடிந்ததும் தாளை வாங்கி, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் பேசியிருக்கிய அண்ணாச்சி" என்றாள்.